வடம்பேட்டை நாலாவது தெருவுக்கு வந்த கப்பல்

அநியாயம் யாருக்கு நடந்தது என்பதில் பின்னால் யாரும் குழப்பக் கூடாது, அதனால் பெயரை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சென்னையின் வடகோடியில், துறைமுகச் சுவருக்கு வெளியே, வடம்பேட்டை நாலாவது தெரு பதினேழாம் நம்பர் வீட்டில் குடியிருக்கும் அமலோற்பவத்துக்கும், அவளுக்கு வலப்பக்கமும் இடப்பக்கமும் எதிரிலும் முதுகுக்குப் பின்னாலும் குடியிருக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்கும் நடந்தது அந்த அநியாயம். யாரும் அவர்களை அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் இல்லை என்று எழுதிவிட்டார்கள், அவ்வளவுதான். கடல்முனைத் திட்ட அலுவலகம் என்று ஒன்று வந்து, உல்லாசப் பயணக் கப்பல்களுக்காகக் கண்ணாடியிலும் சலவைக்கல்லிலும் ஒரு முனையம் கட்டி, முனையத்துக்கு வருகிறவர்களின் கார்கள் நிற்க இடம் வேண்டுமென்று ஒரு வரைபடம் போட்டு, அதில் வடம்பேட்டை இருக்க வேண்டிய இடத்தில் வெளிர்மஞ்சள் பூசி, 'காலியிடம், ஆள் இல்லை' என்று அச்சடித்தது. அதோடு விட்டதா என்றால் இல்லை. அந்தக் காலியிடத்தைப் பதினான்காம் தேதி திங்கட்கிழமைக்குள் காலி செய்யச் சொல்லி ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டியது. ஆளில்லாத இடத்தை யார் காலி செய்வது என்று கேட்டால், அது வேறு பிரிவு என்றார்கள்.

அமலோற்பவம் ரேஷன் கார்டு, கரண்டு பில், வாக்காளர் அட்டை, மாதா கோயிலில் கொடுத்த ஞானஸ்நானச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டுக்கொண்டு அந்த அலுவலகத்துக்கு ஒன்பது தடவை போனாள். ஒன்பதாவது தடவைதான் தனி அலுவலர் கோதண்டபாணியைப் பார்க்க விட்டார்கள். கோதண்டபாணி கொடுமைக்காரர் இல்லை. கொடுமைக்காரராக இருந்திருந்தால் சண்டை போடுவது எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். உட்காரச் சொன்னார், குடிக்கத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார், விதியைப் பொறுமையாக விளக்கினார். கப்பல் வந்து கட்டுகிற கரையில், கப்பல் வேலையை நம்பிக் குடியிருப்பவர்களை எழுப்பக் கூடாது என்று விதி இருக்கிறதாம். ஆனால் வடம்பேட்டை கரை இல்லையாம், அங்கே கப்பல் வந்ததற்கு ஆதாரம் இல்லையாம், அதனால் கருணை அடிப்படையில் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, ஏரியைத் தூர்த்த ஓர் இடத்தில், எட்டாவது மாடியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம்.

"கடலுக்கும் உங்க தெருவுக்கும் அறுநூறு மீட்டர்மா. அளந்திருக்கோம்."

"அந்தக் கடல அறுநூறு மீட்டர் தள்ளிவுட்டது யாரு சார்? மண்ணக் கொட்டிக் கொட்டித் தூர்த்துக்கினே போனது நாங்களா?"

"அதெல்லாம் பழைய கதை."

"வாசல்ல இரும்பு முள நிக்குது சார். கப்பல் கட்ற முள. அத்த எதுக்கு நட்டாங்க, கோலம் போடறதுக்கா?"

"வாய்ப்பேச்சு செல்லாதும்மா. எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க" என்ற கோதண்டபாணிக்கு, பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்ததாலோ என்னவோ, ஒரு வேடிக்கை தோன்றியது. "இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. உங்க வாசல்ல ஒரு கப்பலக் கட்டிட்டு வாங்க. கரைன்னு நானே எழுதித் தர்றேன்."

மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அமலோற்பவம் டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த முளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இடுப்புயரம், யானைக்கால் பருமன், காளான் மாதிரி தலை. நாலாவது தெருவின் நட்டநடுவில், பதினேழாம் நம்பர் வாசலுக்கு நேர் எதிரே நின்றது. ஆட்டோக்காரர்கள் அதைத் திட்டிக்கொண்டே வளைந்து போவார்கள், பக்ரீத்துக்கு வாங்கின ஆட்டை அதில் கட்டுவார்கள், புது வண்டி எடுத்தால் அதன் முன்னால்தான் எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். வடம்பேட்டை ஆண்கள் மூன்று தலைமுறையாகத் துறைமுகத்தில் கயிறு வாங்குகிறவர்கள். கப்பலிலிருந்து வீசுகிற மெல்லிய கயிற்றைப் பிடித்து, அதன் வாலில் வரும் தொடைப் பருமன் வடத்தைக் கரைக்கு இழுத்து, முளையில் மாட்டுகிற வேலை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு கான்டிராக்ட் கம்பெனி வந்து மஞ்சள் சட்டை போட்ட ஆட்களை இறக்கியதும் அந்த வேலையும் போயிற்று. வேலை போனாலும் இரண்டு வழக்கம் போகவில்லை. கயிறு வந்து காலடியில் விழுந்தால், எந்தக் கப்பல், எந்தக் கொடி என்று கேட்காமல் முதலில் அதை வாங்கிவிட வேண்டும். கட்டின கைதான் அவிழ்க்க வேண்டும். இந்த இரண்டாவதை ஒருவர் ஒருநாள் மறந்ததால்தான் அமலோற்பவத்தின் புருஷன் பத்திநாதனுக்கு இடது கையில் மூன்று விரல். அவன் கட்டின வடத்தை அவசரத்துக்கு இன்னொருவன் அவிழ்த்துவிட்டான்.

இடிக்க வருகிற திங்களுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, நாற்பது பெண்கள் வரிசையாக நாற்பது குடங்களோடு தண்ணீர் லாரிக்காக நின்றுகொண்டிருந்தபோது, மூன்று முறை ஹாரன் கேட்டது. லாரி வந்துவிட்டது என்று எல்லோரும் முண்டியடித்தார்கள். லாரி வரவில்லை. மேலேயிருந்து ஒரு மெல்லிய கயிறு, நுனியில் தேங்காய் அளவு முடிச்சோடு, பறந்து வந்து அமலோற்பவத்தின் காலடியில் பொத்தென்று விழுந்தது.

இந்த இடத்தில் வேறு பேட்டைப் பெண்ணாக இருந்தால் அண்ணாந்து பார்த்திருப்பாள், கத்தியிருப்பாள், ஓடியிருப்பாள். அமலோற்பவம் வடம்பேட்டைக்காரி, அதனால் வடம்பேட்டைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பைச் செய்தாள்: குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கயிற்றை வாங்கினாள். வாங்கி இழுத்தாள், கனம் தாங்கவில்லை, "யக்கா, ஒரு கை புடி" என்றாள், பின்னால் நின்ற டீக்கடை ஜொகரா ஒரு கை பிடித்தாள், ஜொகராவுக்குப் பின்னால் நின்றவள் பிடித்தாள், அவளுக்குப் பின்னால் நின்றவள் பிடித்தாள், வரிசையை யாரும் கலைக்காமல் நாற்பது பேரும் நின்ற இடத்திலேயே பிடித்து, "இஸ்து, உடாத, இஸ்து, உடாத" என்று இழுக்க இழுக்க, சொட்டச் சொட்ட நனைந்த வடம் தெருவில் ஊர்ந்து வந்தது, அதன் வளையத்தைத் தூக்கி முளையின் தலையில் மாட்டிவிட்டுப் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்த பிறகுதான், இங்கே தண்ணீரே இல்லையே என்று அமலோற்பவத்துக்கு உறைத்தது.

கப்பல் நின்றது. ரேஷன் கடைக்கும் கறிக்கடைக்கும் நடுவில், பதினோரு மாடியும் வெள்ளை வெளேரென்று, மூக்கில் 'ஒலிந்தா' என்று எழுதிக்கொண்டு, முந்தின நாள் குழாயடியில் சிந்திய கணுக்கால் தண்ணீரில் மிதந்துகொண்டு நின்றது. தெருவின் அகலம் பதினாறடி, கப்பலின் அகலம் தொண்ணூறடி. அது எப்படி என்று கேட்கிறவர்கள் ஷேர் ஆட்டோவில் பதினோராவது ஆளாக ஏறிப் பார்த்ததில்லை. தெரு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது, கப்பல் கொஞ்சம் ஒடுங்கி நின்றது, கரண்டுக் கம்பிகள் கொஞ்சம் தலையைத் தூக்கிக்கொண்டன. ஒரு ஓடு உடையவில்லை.

"இன்னாக்கா இது, ஊட்டாண்ட கப்பலு நிக்குது?" என்றாள் ஜொகரா.

"தெர்து. லாரி வந்துச்சின்னா எங்க நிறுத்துவான்?"

அன்றைக்கு வடம்பேட்டையின் பெரிய கவலை அதுதான். ஆனால் கப்பலே கடல்நீரைக் குடிநீராக்குகிற கப்பல் என்றும், அதற்குள் நீச்சல் குளமே மூன்று இருக்கிறது என்றும் தெரிந்ததும், இரண்டாம் மாடியிலிருந்து ஒரு குழாயை இறக்கச் சொல்லி நாற்பது குடமும் நிரம்பி, நாற்பதுக்குப் பின்னால் நானூறும் நிரம்பி, பதினோரு மணிக்கு லாரி வந்தபோது தெருக்கோடியிலிருந்தே அதைத் திருப்பி அனுப்பினார்கள்; அப்படித் திருப்பி அனுப்புவது அவர்கள் வாழ்க்கையில் முதல் தடவை, அதற்காகவே அடுத்த நாளும் லாரியை வரச் சொன்னார்கள். மாதா கோயில்காரர்கள் கப்பலைக் கொண்டுவந்தது மாதா என்றார்கள், தர்காக்காரர்கள் கடலில் தவித்த கப்பலைக் கரை சேர்ப்பது எந்த அவுலியாவின் வேலை என்று உலகத்துக்கே தெரியும் என்றார்கள், அம்மன் கோயிலில் வாதமே செய்யாமல் பெரிய அண்டாவில் கூழ் காய்ச்சி இறங்கி வந்த எழுநூறு பயணிகளுக்கும் ஊற்றினார்கள். பயணிகள் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர்கள். கூழைக் குடித்துவிட்டு இது எந்த ஊர் என்று கேட்டார்கள், வெயில் தாங்காமல் ஜொகரா கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கேரம் போர்டைச் சுற்றிக் கூட்டம் போட்டார்கள். வடத்தில் துணி காய்ந்தது. எலி ஏறாமலிருக்க மாலுமிகள் வடத்தில் தகரத் தட்டு மாட்டியதைப் பார்த்து, "எங்க எலிங்களுக்கு அதுக்குல்லாம் சக்தி இல்லப்பா, நல்லாத் தின்னு பெருத்துப் போச்சுங்க" என்றாள் ஜொகரா. கப்பலின் நிழல் காலையில் மூன்றாவது தெருவுக்கும் சாயங்காலம் ஐந்தாவது தெருவுக்கும் விழுந்ததில், நாலாவது தெருவுக்குத்தான் நிழலே இல்லை, கட்டினது நாங்கள் அனுபவிப்பது நீங்களா என்று ஒரு சண்டை வந்து, மத்தியான நிழலை நாலாவது தெருவுக்கு ஒதுக்கித் தீர்த்தார்கள். கடல் இல்லாவிட்டாலும் கப்பல் நாளுக்கு இரண்டு தடவை ஏறி இறங்கியது. ஏறும்போது வடத்தைத் தளர்த்தவும் இறங்கும்போது இறுக்கவும் பத்திநாதன் மூன்று விரல் கையோடு வாசலில் நாற்காலி போட்டு, அமலோற்பவத்துக்குக் கணக்குச் சொன்னான். ஐந்து வருஷமாகத் தலை குனிந்தே நடந்த மனுஷன் அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் சொல்லத்தான் செய்தான், கைவைத்தது அவள்தான்.

கேப்டன் ஸ்டாவ்ரோஸ் கிரேக்க நாட்டுக்காரர், நரைத்த தாடி, வருத்தமான கண். அவருக்கு மாலுமிகளின் ஆங்கிலம், ஜொகராவுக்கும் மாலுமிகளுக்கு டீ விற்ற ஆங்கிலம், அதனால் பேச்சுக்குக் குறைவில்லை. புது முனையத்துக்குத்தான் வந்தாராம். அடுத்த வெள்ளிக்கிழமை மந்திரி வந்து திறக்கும்போது அங்கே முதலில் நிற்க வேண்டிய கப்பல் இதுதானாம். ஆனால் கப்பல் தானாகவே தலையைத் திருப்பிக்கொண்டதாம். "இருபது வருஷமாகக் கண்ணாடி முனையங்களில் நிற்கிறாள். கயிற்றை யார் வாங்குகிறார்கள் என்று பார்த்ததே இல்லை" என்றார், கப்பலை அவள் என்றே சொல்லி. பிறகு கப்பலின் தினப் பதிவேட்டைத் திறந்து, கட்டிய இடம் என்ற கட்டத்தில், வடம்பேட்டை, நாலாவது தெரு, பதினேழாம் நம்பர் எதிரில் என்று எழுதினார். அமலோற்பவம் அந்தப் பக்கத்தை மூன்று காப்பி ஜெராக்ஸ் எடுத்தாள்.

சனிக்கிழமை திட்ட அலுவலகத்து ஆள் ஒருவர் வந்து கப்பலின் பக்கவாட்டில் ஆக்கிரமிப்பு நோட்டீஸ் ஒட்டினார். கேப்டன் அதைப் பார்த்து வெலவெலத்துப் போனார். இதற்கெல்லாம் பயப்படலாமா என்று வடம்பேட்டையே அவரைச் சுற்றி உட்கார்ந்து, நோட்டீஸ் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும், தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும், ஒரிஜினலை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தது. அன்றைக்கே பத்தாவது தடவையாக அலுவலகத்துக்குப் போய், கோதண்டபாணியிடம் அமலோற்பவம் ஜெராக்ஸை நீட்டினாள்.

"சார், கட்டிட்டேன். கரைன்னு எழுதித் தர்றேன்னீங்க."

"இது வெளிநாட்டுப் பதிவேடும்மா. நம்ம கோப்புல செல்லாது."

"நீங்க சொன்னது?"

"அது வாய்ப்பேச்சு."

திங்கட்கிழமை இடிக்கிற வண்டிகள் வந்தன. தெருமுனையில் வடம் குறுக்கே விறைத்து நின்றது. விறைத்த வடத்துக்குக் கீழே எந்த வண்டியும் போகாது; அறுந்தால் ஆளை இரண்டாக வெட்டும். வண்டி ஓட்டி வந்தவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஜொகரா கடையில் டீ கேட்டார், பிறகு மத்தியான நிழலில் தூங்கினார். செவ்வாய்க்கிழமை கான்டிராக்ட் கம்பெனியின் மஞ்சள் சட்டைக்காரர்கள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். வடத்தை ஒரு சுற்று அவிழ்த்தார்கள். முளையில் இரண்டு சுற்று இருந்தது. இரண்டை அவிழ்த்தார்கள், நாலு இருந்தது. சாயங்காலம் முளையே தெரியாமல் வடம் ஒரு வைக்கோல்போர் மாதிரி சுருண்டிருக்க, அவர்களில் வயதானவர் மட்டும் கையை உதறிவிட்டு, "கட்டினவங்களக் கூப்புடுங்க சார், எங்களால ஆவாது" என்றார். இதை அவர் காலையிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் தினக்கூலி ஆட்கள் அப்படியெல்லாம் சொல்ல முடியாது.

வியாழக்கிழமை மத்தியானம் கோதண்டபாணி தானே வந்தார். நாலாவது தெருவுக்கு அவர் வருவது அதுதான் முதல் தடவை. வெளிர்மஞ்சள் காகிதத்தில் காலியாகப் பார்த்த இடத்தில் குக்கர் விசில் அடித்தது, யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள், ஒரு வெள்ளைக்காரக் கிழவி முகத்தில் மஞ்சளோடு கேரத்தில் சிவப்புக் காயைப் போட்டாள். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அமலோற்பவத்திடம் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நாளைக்குக் காலை பத்து மணிக்குள் கப்பலை அவிழ்த்துவிட்டால், அமலோற்பவம் குடும்பத்துக்கு மட்டும் துறைமுகக் குடியிருப்பிலேயே கீழ்த்தளத்தில் ஒரு வீடும், பத்திநாதனுக்கு முனையத்தில் நிரந்தர வேலையும் தரப்படும். மற்ற வீடுகள் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை. கடிதத்தின் தலையில், பொருள் என்ற இடத்தில், 'காலியிடத்தில் கட்டப்பட்ட கப்பலை அவிழ்ப்பது தொடர்பாக' என்றிருந்தது.

"ஒருத்தருக்குத்தாம்மா என்னால பண்ண முடியும். மேல பேசி வாங்கியிருக்கேன். அஞ்சு மணி வரைக்கும் டீக்கடையில இருக்கேன், பதில எழுத்துல குடுங்க."

அமலோற்பவம் வீட்டுக்குள் போனாள். பத்திநாதன் கடிதத்தை இரண்டு தடவை படித்தான். நிரந்தர வேலை என்ற வரியில் அவனுடைய மூன்று விரலும் நின்றன.

"வாங்கிக்கலாம் அமலு."

அவள் கடிதத்தை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

"நாளைக்கு மந்திரி வரலன்னா வேற நாள் வருவான். வேற கப்பல் வரும். இந்தக் கப்பல் எத்தினி நாளு நிக்கும், சொல்லு. அது போன அன்னிக்கு எட்டாவது மாடிதான், எல்லாருக்கும். நம்மளுக்காச்சும் கெடைக்குதே."

அவன் சொன்னது பொய் இல்லை என்பதுதான் சங்கடம். தன்னலம், துரோகம் என்று பெரிய வார்த்தை போட்டு அவனை மடக்கிவிடலாம், தெருக்கூட்டத்தில் கைதட்டும் கிடைக்கும். ஆனால் இரண்டு விரலைக் கொடுத்து இருபத்திரண்டு வருஷம் வேலை செய்து, போய் வா என்றுகூடச் சொல்லாமல் அனுப்பப்பட்டவன் ஒரு நாற்காலியைக் கேட்பதில் என்ன துரோகம்? அமலோற்பவத்துக்கும் கீழ்த்தளம் வேண்டும்தான். அவள் முழங்காலுக்கு எட்டாவது மாடி எவ்வளவு தூரம் என்று அவளுக்குத்தான் தெரியும். அவள் வாசலில் உட்கார்ந்து வடத்தைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? நீ சொல்லு, கட்டின கைதான் அவுக்கணும், இல்ல?"

"ஆமா."

"அன்னிக்குக் கயித்த வாங்கினது நான். வடத்த இஸ்தது?"

பத்திநாதன் தன் இடது கையைப் பார்த்தான்.

"நாப்பது பேரு" என்றான்.

"நான் ஒருத்தி கை வெச்சு அவுத்தா, மத்த கையில இருக்கற விரலெல்லாம் இன்னா ஆவும்?"

அவன் எழுந்துபோய் அலமாரியிலிருந்து பேனாவை எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து எழுதுகிறதா என்று பார்த்து, அவளிடம் கொடுத்தான்.

அமலோற்பவம் உடனே எழுதவில்லை. கடிதத்தைத் திருப்பி, பின்பக்கம் நடுவில் கொஞ்சம் இடம் விட்டு, ஓரத்தில் தன் பெயரையும் கதவு எண்ணையும் போட்டாள். பிறகு அது ஜொகரா கைக்குப் போனது, வரிசையில் நின்ற நாற்பது பெண்கள் கைக்கும் போனது, அவர்களிடமிருந்து நிழலுக்குச் சண்டை போட்ட மூன்றாவது தெருவுக்கும் ஐந்தாவது தெருவுக்கும் போனது. கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போட்டார்கள், தெரியாதவர்கள் கப்பலிலிருந்து கேட்டு வாங்கிய மையில் கட்டைவிரலை வைத்தார்கள், ஒவ்வொருவரும் தங்கள் கதவு எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து எழுதினார்கள், ஒரு வீட்டைக்கூட விடாமல் இருநூற்றுப் பதின்மூன்றும் வந்து சேர்ந்தபோது காகிதத்தில் எறும்பு ஊர இடமில்லை, நடுவில் அவள் விட்டிருந்த இடத்தைத் தவிர. ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. கப்பல் ஏறுகிற நேரம்; வடம் முறுக்கிக்கொண்டு முனகியது, பத்திநாதன் "கொஞ்சம் தளர்த்து" என்றான், அவள் தளர்த்திவிட்டு வந்து, முளையின் தலைமேல் காகிதத்தை வைத்து எழுதினாள்.

டீக்கடைப் பெஞ்சில் கோதண்டபாணி காகிதத்தை வாங்கி முதலில் பெயர்களைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். பிறகு நடுவில் இருந்ததை, எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி, வாய்விட்டுப் படித்தார். தெரு முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, இது காலியிடம், ஆள் இல்லை என்று எழுதியவர் நீங்கள். ஆள் இல்லாத இடத்தில் கயிற்றை அவிழ்க்க ஆள் வராது."